கேள்விக்குறிக்கு வழங்கப்பட்ட உரிமம்

எங்கள் தொழில் உரிம அலுவலகத்தில் கோப்புக்குப் பெயர் வைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள்கூட வீட்டில் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஏதோ ஒன்றை வைத்துவிடுகிறார்கள். எங்களிடம் அதற்கென்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அந்தச் சுற்றறிக்கைக்கு ஒரு விளக்கச் சுற்றறிக்கை இருந்தது. விளக்கத்தால் வந்த குழப்பத்தைத் தீர்க்க ஒரு குழு இருந்தது. அந்தக் குழு கூடும்போதெல்லாம் டீ ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆகவே இந்த விவகாரத்தை முழுமையாக எடுத்துரைக்கும் தகுதி எனக்கு உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

காகிதக் கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவானதும் எங்கள் இயக்குநர் மேடையேறி, "இனி ஒவ்வொரு கோப்பும் நம் தாய்மொழியில்தான் பெயர் தாங்கும்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கே கண் கலங்கிவிட்டது. ஸ்கேன் அறையில் தட்டச்சர் கடைக்காரர் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். ஸ்கேன் மென்பொருளில் அந்தப் பெயர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தன. காகிதங்களைப் பழைய பேப்பர்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். இயக்குநர் ஒரு விருது வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆனால் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜீவன் இல்லை கோப்பு. ஸ்கேன் பிரிவிலிருந்து அஞ்சல் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து கோப்பின் அளவைச் சுருக்கிக் கட்டும் பிரிவுக்கு. அங்கிருந்து காப்பகத்துக்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு மென்பொருள். ஒவ்வொன்றையும் வாங்கியவர் ஒவ்வொரு இயக்குநர். ஸ்கேன் பிரிவில் முழுப் பெயரோடு கிளம்பிய கோப்பு அஞ்சல் பிரிவில் போய் இறங்கும்போது கட்டம் கட்டமாக ஆகியிருந்தது. சுருக்கும் பிரிவில், தொப்பி போட்டு வால் வைத்த எந்தத் தேசத்து எழுத்தாகவோ மாறிற்று. காப்பகத்தில் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ப் படுத்துக்கொண்டது. இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. யாராவது தேடிக்கொண்டு வந்தால்தானே கோப்புக்குப் பெயர் வேண்டும்?

தேடிக்கொண்டு வந்தவள் என் அக்கா.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். அவளை நம்பி நாலு பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துத் தர வேண்டிய சீருடைத் துணி அப்போது கடையில் மலையாகக் கிடந்தது. இந்த நேரம் பார்த்து உரிமம் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்காவிட்டால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் எதுவும் இல்லாமல் ஒழுங்காக வேலை நடந்த ஒரே பிரிவு, சீல் வைக்கும் பிரிவு.

"நீ அங்கதானேடா இருக்க? ஒரு வார்த்தை சொல்லிப் புதுப்பிச்சுக் குடுத்துடேன்" என்றாள் அக்கா.

"சொந்தக்காரங்கன்னு பார்க்க ஆரம்பிச்சா ஆபீஸ் என்னத்துக்கு ஆகும்? எல்லாரையும் மாதிரி வந்து வரிசையில நில்லுக்கா" என்றேன். நேர்மையாக நடந்துகொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை.

அவள் வந்து நின்றாள். கவுன்ட்டர்காரர் பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லையேம்மா."

"என்ன இல்லை?"

"நீங்க."

"உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"அது எங்களுக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே." அவர் திரையை அக்கா பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறிகள். "இதுல உங்களுது எதுன்னு நீங்களே காட்டுங்க."

"எல்லாம் ஒண்ணு போல இருக்கே!"

"உங்க கோப்பு உங்களுக்கே அடையாளம் தெரியலைன்னா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒண்ணொண்ணாத் தொறந்து பாருங்களேன். உள்ள என் போட்டோ இருக்கும்."

கவுன்ட்டர்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவருடைய இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு அநாகரிகமான கோரிக்கை வந்ததில்லை.

"பேர் தெரியாத கோப்பைத் தொறந்தா அடுத்தவங்க அந்தரங்கத்தைப் பார்த்த மாதிரி ஆயிடும். பேரைக் குறிப்பிட்டு மனு குடுங்க, அந்தப் பேர்ல இருக்கிறதைத் தொறக்கிறோம்."

"பேரைத்தான் சொன்னேனே!"

"அந்தப் பேர்ல கோப்பு இல்லை."

"அது கேள்விக்குறியா மாறிடுச்சுன்னு நீங்கதானே காட்டறீங்க?"

"அப்ப அந்தப் பேர்ல மனு எழுதுங்க."

அக்கா பேனாவை எடுத்தாள். 'அனுப்புநர்' என்று எழுதினாள். அப்புறம் நிமிர்ந்து, "எத்தனை கேள்விக்குறி போடணும்?" என்று கேட்டாள்.

அவள் கோபத்தில்தான் கேட்டாள். ஆனால் அலுவலகம் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கவுன்ட்டர்காரர் எழுந்து தலைமை எழுத்தரிடம் போனார். தலைமை எழுத்தர் துணை இயக்குநரிடம் போனார். மாலைக்குள் இயக்குநர் அறையில் அவசரக் கூட்டம் போட்டாகிவிட்டது. நான் டீ கொண்டுபோனேன்.

உள்ளே காரசாரமாக இருந்தது. அஞ்சல் பிரிவுத் தலைவர் தன் கட்டங்களை அச்செடுத்து வந்திருந்தார். ஊர் மக்களின் உண்மையான பெயர் கட்டம்தான் என்பது அவர் கட்சி. சுருக்கும் பிரிவுத் தலைவர் தொப்பி எழுத்துகளைக் காட்டி, "எங்களுதுல படிக்கவாவது ஏதோ இருக்கு சார்" என்றார். காப்பகத் தலைவர் வாயே திறக்கவில்லை. கோப்பு கடைசியாகத் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்ற தைரியம் அவருக்கு. இவர்களுக்கு நடுவில், விசேஷமாக வரவழைக்கப்பட்ட ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெள்ளைப் பலகை எங்கே என்று கேட்கிற மனிதர் அவர்.

"மென்பொருளுக்கு வாரன்ட்டி இருக்கா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"இருக்கு."

"மக்களோட பேருக்கு?"

இயக்குநர் மற்றவர்களைப் பார்த்தார். "இல்லை."

"அப்ப கோளாறு எதுல இருக்க முடியும்னு நீங்களே சொல்லுங்க."

ஆலோசகர் எழுந்து பலகையில் ஒரு எழுத்தை எழுதினார். "தலையில புள்ளி வைக்கிறீங்க. முன்னாடி கொம்பு வைக்கிறீங்க. பின்னாடி கால் வைக்கிறீங்க. அடியில சுழி வேற. இவ்வளவு சாமான் நடுவழியில கிடந்தா கம்ப்யூட்டர் தடுக்கி விழாம என்ன செய்யும்?"

"நம்ம மொழியே தப்புங்கறீங்களா?" இயக்குநர் கலவரப்பட்டார். மேடையில் பேசியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சேச்சே. மொழி அருமையான மொழி. அதை எழுதறதுதான் வேண்டாம்கறேன்."

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மென்பொருளில் கை வைக்காமல், மொழியின் பெருமைக்கும் பங்கம் வராமல் ஒரு வழி கிடைத்துவிட்டது. ஆலோசகரின் திட்டம் இதுதான்: காப்பக மென்பொருள் பெயரில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி போடுகிறது. நீளப் பெயருக்கு நிறைய, குட்டிப் பெயருக்குக் கொஞ்சம். ஆகவே எத்தனை கேள்விக்குறி என்பதே அந்த ஆளின் அடையாளம். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேருக்கு ஒரே எண்ணிக்கை வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் இரண்டாவது சுற்று டீ வந்துவிட்டது.

மறுநாள், தெருவாரியாக இருந்த கோப்புகளை ஒரே பெட்டகத்தில் கொட்டினார்கள். மென்பொருள் ஒரு சந்தேகம் கேட்டது: 'இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளது. அதன் மேல் எழுதவா?' காப்பக ஊழியருக்குப் பயிற்சி வகுப்பில் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எது கேட்டாலும் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். 'இல்லை' என்று அழுத்தினால் இன்னொரு கேள்வி வரும். அவர் சோர்வில்லாமல் 'ஆம்' அழுத்தினார். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கடைசியாக வந்த கோப்பு மட்டும் தங்கியது. முன்னால் வந்தவை எல்லாம் அதற்கு அடியில் போய் மறைந்தன. சாயங்காலத்துக்குள் ஊரின் மொத்தத் தொழிலும் ஒரே திரையில் அடங்கிவிட்டது. சேமிப்பு இடத்தை மிச்சம் பிடித்ததற்காக இயக்குநருக்கு இரண்டாவது விருது வந்தது.

அக்காவுக்கு உரிமமும் வந்தது. நானே பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். "டேய், இதுல என்ன போட்டிருக்கு?"

"உரிமம்க்கா. புதுப்பிச்சாச்சு."

"'பனிக்கட்டி உற்பத்தி நிலையம்'னு போட்டிருக்கு."

"ஆமா. நீ பதினோரு கேள்விக்குறி. பதினொண்ணுக்கு இப்ப அதுதான்."

"நான் துணி தைக்கிறவடா!"

"கத்தாதக்கா. மத்தவங்களைப் பாரு. முக்குல இருக்கிற பல் டாக்டர் பஞ்சர் கடை ஆயிட்டார். ஒரு வார்த்தை பேசலை, அவர் பாட்டுக்குப் பல்லைப் பிடுங்கிட்டிருக்கார். மாடி வக்கீலம்மா கோழிப் பண்ணை. உனக்குக் கௌரவமா ஐஸ் வந்திருக்கு. என்னை எடுத்துக்கோ, எங்க சர்வீஸ் கோப்புகளையும் அதே பெட்டகத்துலதான் போட்டாங்க. நான் இப்ப ஒரு விளம்பரப் பலகை."

"பலகையா?"

"நின்னாப் போதும். வருஷத்துக்கு ஒருதரம் பெயின்ட் அடிக்கணும்னு விதி, அதை மட்டும் தள்ளிப்போட்டிருக்கேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கு அந்தப் பதவி பொருத்தம்தான் என்று சொன்னாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் கடைக்கு முன்னால் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வண்டியில் சாக்குப் போர்த்திய ஒரு பெரிய ஐஸ் பாளம். கூடவே ஒரு தடித்த மனிதர், கைகளைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்.

"வணக்கம்மா. நான் ஐஸ் ஃபேக்டரிக்காரன். நாம ரெண்டு பேரும் ஒரே ஆள்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதான் ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார். எனக்குத் தெரியும், அவர் ஐஸ் இல்லாத இடத்தைச் சும்மா விடமாட்டார்" என்றார் அவர். "இதை வச்சுக்கோங்க. கேட்டா இங்கயே செஞ்சதுன்னு சொல்லுங்க. ஒரே ஆள்தானே, யார் செஞ்சா என்ன?"

அந்த மனிதரைக் கண்டதும் எனக்கு உரிமத் துறையின் மேல் இருந்த மதிப்பு கூடிற்று. முன்பின் தெரியாத இரண்டு பேரை இப்படி உறவாக்கி வைக்க வேறு எந்தத் துறையால் முடியும்?

ஆய்வாளர் மறுநாள் வெப்பமானியோடு வந்தார். துணைக்கு ஐஸ்காரரும் முன்னதாகவே வந்து ஓரமாக நின்றிருந்தார். பாளத்தைத் தட்டிப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்தும் பார்த்தார். "நல்ல சரக்கு" என்று எழுதிக்கொண்டார். அப்புறம் அவர் கண் துணி மலைமேல் விழுந்தது.

"ஐஸ் ஃபேக்டரியில துணி வைக்கக் கூடாதே. சுகாதார விதி இருக்கு. எல்லாத்தையும் அப்புறப்படுத்தணும், இல்லைன்னா சீல்."

வேலை பார்த்த நாலு பெண்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் விளம்பரப் பலகைக்கு ஆய்வில் தலையிட அதிகாரம் கிடையாது. அந்த நேரத்தில் ஐஸ்காரர்தான் வாய் திறந்தார்.

"சார், ஐஸ் உருகாம இருக்கணும்னா மேல போர்த்தணும். போர்த்தறதுக்குத் துணி வேணுமே?"

"போர்த்தற துணியில எதுக்குய்யா பட்டன்?"

"கழட்டி மாட்ட வசதியா" என்றாள் அக்கா சட்டென்று.

"இந்தப் பாக்கெட்?"

"சின்னச் சின்னத் துண்டு ஐஸ் விழுந்துடாம இருக்க."

ஆய்வாளர் ஒரு சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஐஸ் உறைக்கு இரண்டு கை இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 'பனிக்கட்டி உறை. காலருடன். திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அக்கா கடையில் தையல் தடையில்லாமல் ஓடியது. மூலையில், ஐஸ்காரர் அவ்வப்போது கொண்டுவந்து வைத்த ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு பெண்களும் கால் நனையாமல் மெஷினை மிதிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ஊரில் ஒரு புது மோஸ்தர் கிளம்பியது. ஆலோசகர் ஒரு பயிலரங்கு நடத்தி, "உங்கள் பெயர் கம்ப்யூட்டருக்கு உகந்ததா?" என்று கேட்டுவிட்டார். அதுவரை இருந்த பெயரோடு நிம்மதியாக வாழ்ந்தவர்களுக்கெல்லாம் அரிப்பு எடுத்தது. புள்ளியும் கொம்பும் உள்ள பெயர்கள் பட்டிக்காட்டுத்தனம் என்று ஆயிற்று. படித்தவர்கள் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி, நடுவில் ஒரு அடிக்கோட்டைச் செருகிக்கொண்டார்கள். அடிக்கோடு இல்லாத மாப்பிள்ளையை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்தபோது 'புதிய கோப்பு (3)' என்று பெயர் வைத்தார்கள். எதிர் வீட்டு இரட்டைப் பிள்ளைகளில் இளையவனை 'நகல்' என்று கூப்பிட்டார்கள். அவனும் ஏன் என்று கேட்காமல் வந்தான். என் அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டவர். அவர் தன் பெயரோடு 'இறுதி' என்று சேர்த்தார். அதில் ஏதோ குறையென்று பட்டதும் 'இறுதி_திருத்தியது' ஆனார். இப்போது 'உண்மையான_இறுதி_2'.

"நீயும் மாத்திக்கோயேன், காலத்துக்குத் தகுந்த மாதிரி" என்று அவர் அக்காவிடம் சொன்னார்.

"நான் மாத்த மாட்டேன்" என்றாள் அவள். "என்னைப் பெத்தவங்க யோசிச்சு வச்ச பேரு. எந்த மெஷினுக்குத் தொண்டையில சிக்கினா எனக்கென்ன?"

அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். நான்கூட நாலு முறை எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை.

சீருடைகள் தைத்து முடிந்தன. அக்கா பில்லோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை பில்லின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐஸ் உறைன்னு போட்டிருக்கே?"

"உரிமத்துல அப்படித்தாங்க இருக்கு. துணி அதே துணிதான்."

"எங்க பிள்ளைகளுக்கு ஐஸ் உறை மாட்டினா அப்பா அம்மாமார்களுக்கு யார் பதில் சொல்றது? தையல் கடைன்னு உங்க பேர்ல உரிமம் கொண்டாங்க, எடுத்துக்கறோம்."

அக்கா அங்கிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கவுன்ட்டரில் பேசிப் பார்த்தாள், என்னிடம் கத்தினாள், இயக்குநர் அறை வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காப்பகக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். பழுதானால் அழைக்க ஒரு போன் நம்பர் அதில் இருந்தது. இவ்வளவு நாளாக எங்கள் கண்ணெதிரே இருந்த நம்பர்தான். ஆனால் கம்ப்யூட்டர் பழுதாகவில்லை என்று குழு தீர்மானம் போட்டிருந்ததால் அதை யாரும் அழைக்கவில்லை.

"என் மெஷின் மக்கர் பண்ணா நான் வித்தவனைத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இயக்குநர், ஆலோசகர், பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். அந்தப் பெண் எங்கெங்கோ அழுத்தி, ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். 'எல்லா மொழிப் பெயர்களையும் ஏற்றுக்கொள்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் டிக் இல்லை.

"இந்த டிக்கை ஏன் சார் எடுத்து வச்சிருக்கீங்க?"

"அது போன இயக்குநர் காலத்துல" என்றார் இயக்குநர்.

பொறியாளர் டிக் போட்டார். நான் டீ கொண்டுவருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஸ்கேன் செய்தபோது ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பதிவான பெயரை மென்பொருள் தேடி எடுத்து வெளியே காட்டியது. கேள்விக்குறிகள் மறைந்து, புள்ளியும் கொம்பும் காலும் சுழியுமாகப் பெயர்கள் திரையில் வந்து நின்றன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கள் எழுத்தைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தில் எல்லோரும் சத்தம்போட்டு வாசித்தார்கள்.

வாசிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"என் பேர் எங்க?" என்றாள் அக்கா.

பொறியாளர் தேடினார். பதினோரு கேள்விக்குறி இருந்த இடத்தில் ஐஸ்காரரின் பெயர் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. "இதுக்கு அடியில வேற கோப்பு இருந்திருக்கும். அதுமேல எழுதிட்டாங்க. பேரைத்தான் என்னால சரிபண்ண முடியும். போன கோப்பு போனதுதான். காகிதம் இருந்தா மறுபடி ஏத்திக்கலாம்."

காகிதம் லாரியில் போய் வெகுநாள் ஆயிற்று.

அன்று மத்தியானமே சீல் வைக்கும் பிரிவு சுறுசுறுப்பானது. பெயர் தெளிவாகத் தெரிந்த பிறகு, பெயர் இல்லாதவர்கள் யார் என்பதும் தெளிவாகிவிட்டதல்லவா? பல் டாக்டருக்குச் சீல். வக்கீலம்மாவுக்குச் சீல். தெருவில் கடைக்குக் கடை இறங்கி ஏறினார்கள். என் நாற்காலி அருகில் ஒருவர் அரக்கோடு வந்து நின்று, நான் எழுந்திருக்கக் காத்திருந்தார். இயக்குநரின் நியமனக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறையின் கோப்பு இருந்தது. இத்தனை நாள் அதன் பேரில்தான் அவர் எல்லா ஆணைகளையும் பிறப்பித்திருக்கிறார்.

மாலையில் அலுவலக வாசலில் ஊரே திரண்டது. எல்லோருக்கும் கோபம். ஆனால் எங்கள் மேல் இல்லை.

"நான் பாட்டுக்குப் பஞ்சர் கடையா நிம்மதியா இருந்தேன்" என்று பல் டாக்டர் அக்காவைப் பார்த்துக் குமுறினார். "உங்களை யாரும்மா போன் பண்ணச் சொன்னது?"

"என் பேரைத்தானே கேட்டேன்" என்றாள் அக்கா.

"உங்க ஒருத்தர் பேருக்காக ஊர்ல எல்லாரும் தெருவுல நிக்கணுமா?"

ஐஸ்காரர் மட்டும் ஏதோ சொல்ல வந்தார். கூட்டம் அவரைப் பேச விடவில்லை. பட்டியலில் பெயர் இருப்பவருக்கு இல்லாதவர்களின் கஷ்டம் எப்படிப் புரியும் என்று சத்தம் போட்டார்கள்.

ஆலோசகர் உடனே ஒரு மனு தயாரித்தார். அந்த டிக்கை எடுத்துவிட்டு, மக்களின் பாரம்பரியமான கேள்விக்குறிகளை அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. முதல் கையெழுத்தை இயக்குநர் போட்டார். தனக்குத்தானே மனு கொடுத்து, தானே பெற்றுக்கொண்டு, பரிசீலிப்பதாகத் தனக்கே உறுதியும் அளித்தார். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் பொறுப்பை நான் ஏற்றேன். பலகையாகவாவது நிற்க எனக்கு ஓர் இடம் வேண்டாமா?

எல்லோரும் போட்டார்கள். ஒருவர் பாக்கி என்றாலும் செல்லாது என்று ஆலோசகர் சொல்லிவிட்டார். கடைசியாக அக்கா கடைக்குப் போனேன். ஷட்டரில் அரக்குச் சீல் இருந்தது. நாலு பெண்களும் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஐஸ் உருகி, கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் சீருடைத் துணியைத் தொட்டுவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

"கையெழுத்துப் போட்டுடுக்கா" என்றேன். "போட்டா ராத்திரிக்குள்ள சீலை எடுத்துடுவாங்க."

"துணியை யார் வாங்குவா? ஐஸ் உறைன்னாத்தான் பள்ளிக்கூடத்துல வேண்டாம்னாங்களே."

"அதையும் விசாரிச்சுட்டேன். கேள்விக்குறிக் கணக்குல பள்ளிக்கூடம் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. அவங்களுக்கே தெரியாம இருந்திருக்காங்க. இப்ப தலைமையாசிரியையே மனுவுல கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஐஸ் உறை வாங்கறதுக்கு அவங்களுக்குத் தடையே இல்லையாம்."

அக்கா சீலைப் பார்த்தாள். படியில் இருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி, "போடுங்கக்கா" என்றாள் மெதுவாக.

பேனாவை வாங்கிக்கொண்டு, மனுவை முழங்கால்மேல் வைத்து அவள் ஒவ்வொரு கேள்விக்குறியாகப் போட்டாள். அவசரப்படவில்லை. தையல் போடுகிற மாதிரி ஒரே அளவு, ஒரே இடைவெளி. நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று சரியாக இருந்தது.

மனுவை என்னிடம் நீட்டிவிட்டு, "டேய், என் பேர் என்னன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா" என்றேன்.

எழுதிக் காட்டு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.